ஆடியோ சி.டி. எழுத எந்த டிரைவ் வாங்கலாம்?

சென்னை ரிச்சி தெருவில் ஏதாவது ஒரு கடைக்குள் நுழைந்து நல்ல சி.டி. ரைட்டர் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் எடுத்து வைக்கும் பெட்டியில் பெரிதாக அச்சாகியிருப்பது வேகம்தான்: 24எக்ஸ், 48எக்ஸ், 52எக்ஸ். நம்பி ஒருவர் கையில் கொடுக்கக்கூடிய ஆடியோ சி.டி. எழுத வேண்டும் என்று நினைப்பவருக்கு அந்த எண்ணால் எந்தப் பயனும் இல்லை. எழுதி முடித்த தட்டில் எத்தனை பிழை விழுந்திருக்கிறது என்று இந்த டிரைவ் எண்ணிச் சொல்லுமா என்பதுதான் அவர் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கான பதில் எந்தப் பெட்டியின் மேலும் இருக்காது.

இந்தக் காலத்தில் யார் ஆடியோ சி.டி. எழுதுகிறார்கள் என்று தோன்றலாம். நடன வகுப்பு நடத்துகிறவர்கள் நிகழ்ச்சிக்கான பாட்டுகளை வரிசையாகத் தட்டில் போட்டு மைக்செட்காரரிடம் கொடுக்கிறார்கள். கச்சேரியைப் பதிவு செய்கிறவர்கள் வித்வானுக்கு ஒரு பிரதி தருகிறார்கள். பத்துப் பதினைந்து வயதான கார்களில் சி.டி. பிளேயர் இன்னும் வேலை செய்கிறது. பொத்தானை அமுக்கினால் பாட வேண்டும், அதற்கு மேல் எதுவும் கேட்கக் கூடாது என்று நினைக்கிற பெரியவர்களும் வீட்டில் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் வேண்டியது ஒன்றுதான். எந்தப் பிளேயரில் போட்டாலும் தட்டு தடங்கலில்லாமல் பாட வேண்டும், சில வருடம் கழித்து எடுத்துப் போட்டாலும் பாட வேண்டும்.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நூறு பாட்டைக் கோப்புகளாக அடைத்துக் கொடுப்பார்களே, அந்த எம்பி3 சி.டி.யைப் பற்றி இங்கே பேசவில்லை. அது கம்ப்யூட்டர் தட்டு. ஆடியோ சி.டி. என்பது 1980-ல் பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து வகுத்த 'ரெட் புக்' விதிப்படி எழுதப்படுவது. நொடிக்கு 44,100 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட், இரண்டு சேனல், அதிகபட்சம் 99 டிராக். ஆரம்பகாலத்துப் பிளேயரும் படிக்கக் கூடியது அது ஒன்றுதான்.

ஆடியோ தட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. டிரைவ் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பது முழுக்க அதிலிருந்துதான் வருகிறது. தட்டில் ஒரு நொடி என்பது 75 செக்டர். கம்ப்யூட்டர் கோப்பு எழுதும்போது ஒரு செக்டரில் 2,048 பைட்தான் கோப்புக்கு. மீதி இடத்தில் அந்தச் செக்டரின் முகவரியும், பிழை திருத்தத்துக்கான கூடுதல் பைட்டுகளும் உட்காருகின்றன. ஆடியோவில் அதே செக்டரின் 2,352 பைட்டையும் ஒலியே எடுத்துக்கொள்கிறது. முகவரி கிடையாது, கூடுதல் திருத்தமும் கிடையாது. எல்லா சி.டி.க்கும் பொதுவான இரண்டு அடுக்குத் திருத்தம் மட்டுமே காவல். அவற்றை சி1, சி2 என்கிறார்கள்.

அந்த இரண்டு அடுக்கும் லேசுப்பட்டவை அல்ல. ஒலி, நொடிக்கு 7,350 சிறு பிரேம்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பிரேமிலும் 24 பைட் ஒலியோடு 8 பைட் திருத்தக் குறிப்பு சேர்கிறது. பிறகு அந்த பைட்டுகள் நூற்றுக்கும் மேற்பட்ட பிரேம்களில் சிதறடித்து எழுதப்படுகின்றன. அதனால் ஒரு கீறல் ஓர் இடத்தை முழுவதும் அழித்தாலும், திரும்ப அடுக்கிப் பார்க்கும்போது அந்தச் சேதம் ஒவ்வொரு பிரேமிலும் ஒன்றிரண்டு பைட்டாகத்தான் தெரியும். சின்னச் சேதத்தை சி1 சரி செய்யும். அதன் கையை மீறியதை சி2 பார்த்துக்கொள்ளும். தட்டின் மேல் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்கு வரி அழிந்து போனாலும் ஒலியை அப்படியே மீட்டுவிட முடியும்.

சி2-வும் கைவிட்டால்தான் விபரீதம். கம்ப்யூட்டர் கோப்பாக இருந்தால் படிக்க முடியவில்லை என்று திரையில் செய்தி வந்து நிற்கும். ஆடியோ பிளேயர் அப்படி நிற்காது. முன்னால் இருக்கும் மாதிரியையும் பின்னால் இருக்கும் மாதிரியையும் வைத்து நடுவில் இருந்ததை ஊகித்து நிரப்பிவிடும். பாடகர் ஓர் அட்சரத்தை விழுங்கினால் வயலின்காரர் இழுத்து மூடிவிடுவது போலத்தான். ஊகத்துக்கும் வழியில்லாவிட்டால் கண நேரம் ஒலியை அடக்கிவிடும். அதற்குப் பிறகுதான் நம் காதுக்கு 'டிக்' என்று தெரியும், அல்லது தட்டு அதே இடத்தில் சிக்கிக்கொள்ளும்.

ஆகவே, போட்டுக் கேட்டேன், நன்றாகத்தான் பாடியது என்பது சோதனையே ஆகாது. இன்று சுத்தமாகப் பாடும் தட்டு, திருத்த அடுக்குகளின் முழு பலத்தையும் செலவழித்துக்கொண்டு பாடலாம். அதன் மேல் ஒரு கீறல் விழுந்தால், ஒரு கோடை முழுக்கக் காரின் டாஷ்போர்டில் கிடந்தால், லென்ஸில் தூசி படிந்த இன்னொரு பிளேயரில் போட்டால், அன்றைக்குத்தான் குட்டு வெளிப்படும். தட்டை வாங்கிக்கொண்டு போனவர் பிளேயரைத் திட்டுவார்.

காது சொல்லாததை எண் சொல்லும். சி1 அடுக்கில் பிழையோடு வந்த பிரேம்கள் நொடிக்கு எத்தனை என்று எண்ணலாம். ரெட் புக் அனுமதிக்கும் உச்சவரம்பு, பத்து நொடிச் சராசரியில் நொடிக்கு 220, அதாவது 7,350-ல் மூன்று சதவீதம். இது தோற்பதற்கான கோடு என்று எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல டிரைவும் நல்ல தட்டும் சேர்ந்தால் சராசரி ஒற்றை இலக்கத்தில் நிற்கும், பல நேரம் ஒன்றிரண்டுக்கும் கீழே போகும். சராசரி 30, 40 என்று வந்தால் இன்றைக்குத் தப்பித்த தட்டு என்று அர்த்தம். சி2 எண்ணிக்கை பூஜ்யமாகத்தான் இருக்க வேண்டும். புதிதாக எழுதிய தட்டில் அது பூஜ்யம் இல்லையென்றால் நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

இந்தக் கணக்கை எல்லா டிரைவும் வெளியே சொல்வதில்லை. உள்ளே இருக்கும் சிப் எண்ணிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் அந்த எண்ணை மென்பொருளுக்குத் தரும் வழியை நிறுவனம் திறந்து வைத்திருக்க வேண்டும். ஜப்பானின் ஷினானோ கென்ஷி தயாரித்த பிளெக்ஸ்டர் டிரைவ்கள் இந்த விஷயத்தில் ஒரு காலத்தில் உச்சத்தில் இருந்தன. 2003-ல் வந்த பிளெக்ஸ்டர் பிரீமியம் மாடலைப் பற்றி ஒலிப்பதிவுக்காரர்கள் இன்றைக்கும் ஏக்கத்தோடு பேசுவார்கள். எழுதிய தட்டின் சி1, சி2 கணக்கை அதனுடனேயே வந்த பிளெக்ஸ்டூல்ஸ் மென்பொருள் படம் போட்டுக் காட்டும். ஆடியோ எழுதும்போது லேசரின் பலத்தை நாமே கூட்டிக் குறைக்கவும் வசதி இருந்தது. பிற்காலத்தில் பிளெக்ஸ்டர் பெயரில் வந்த பல டிரைவ்கள் வேறு கம்பெனிகள் செய்து கொடுத்தவை. பெயரை மட்டும் பார்த்துப் பழைய சரக்குக்கு அதிக விலை கொடுத்துவிடாதீர்கள்.

யமஹா இன்னும் ஒருபடி மேலே போனது. 2002-ல் வந்த அதன் சிஆர்டபிள்யூ-எஃப்1 டிரைவில் ஆடியோவுக்கென்றே ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு குறியையும் வழக்கத்தைவிட நீட்டி எழுதும். பிளேயரின் லேசர் அதைத் தடுமாறாமல் படிக்கும். விலையாக இடத்தைக் கொடுக்க வேண்டும்: 74 நிமிடத் தட்டில் 63 நிமிடம்தான் எழுதலாம். (அதே டிரைவ் தட்டின் மிச்ச இடத்தில் படமும் வரையும். அந்த ஆசைக்காகவே வாங்கியவர்கள் உண்டு.) அடுத்த வருடமே யமஹா இந்தத் தொழிலை விட்டுவிட்டது.

இன்றைய கடைத்தெருவில் கிடைப்பவற்றுக்கு வருவோம். பிழைக் கணக்கை வெளியே தருவதில் பேர் வாங்கியவை தைவானின் லைட்-ஆன் டிரைவ்கள். விலையும் எளியவருக்கு எட்டும். மேசைக் கம்ப்யூட்டருக்கான ஐஹாஸ்124 மாடல் இதற்காகவே பலர் தேடும் ஒன்று. எல்ஜி, ஆசஸ், பயனியர் போன்றவற்றில் இந்த வசதி மாடலுக்கு மாடல் மாறும். அதோடு, ஒரே மாடல் எண்ணுக்குப் பின்னால் வரும் ஒற்றை எழுத்து மாறினாலே உள்ளே இருக்கும் சிப் வேறாக இருக்கலாம். ஆகவே நண்பர் வைத்திருக்கிறார் என்று மாடல் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு போவது போதாது. முடிந்தால் வாங்கும் இடத்திலேயே ஒரு மடிக்கணினியில் இணைத்து, நீரோ டிஸ்க்ஸ்பீடு, ஆப்டி டிரைவ் கன்ட்ரோல் போன்ற மென்பொருளில் பிழைச் சோதனை ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். லினக்ஸ்காரர்களுக்கு கியூபிஎக்ஸ்டூல் இருக்கிறது. சோதனைப் பொத்தானே மங்கிக் கிடந்தால் அந்த டிரைவ் உங்களுக்கு எதையும் சொல்லப் போவதில்லை.

அடுத்தது உருவம். இப்போது கடைகளில் அதிகம் தொங்குவது யூஎஸ்பி கம்பியோடு வரும் மெல்லிய டிரைவ். அவசரத்துக்கு நல்லதுதான், ஆனால் நிறையத் தட்டு எழுதுகிறவருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மடிக்கணினிக்காக இளைத்துச் செய்யப்பட்டது அது. தட்டை இறுகப் பிடிக்கும் பாகங்களும் மோட்டாரும் சின்னவை. மின்சாரமும் அந்த ஒரே கம்பி வழியாகத்தான் வர வேண்டும். யூஎஸ்பி 2.0 துளை அதிகபட்சம் தருவது 500 மில்லிஆம்பியர். தட்டைச் சுழற்ற வேண்டும், தட்டில் ஒலியைத் தாங்கும் சாயத்தை எரிக்கும் அளவுக்கு லேசருக்கும் பலம் தர வேண்டும், இரண்டும் அதற்குள் அடங்க வேண்டும். நீளமான கம்பியோ, மின் இணைப்பு இல்லாத யூஎஸ்பி ஹப்போ நடுவில் வந்தால் எழுதும்போதே டிரைவ் மூச்சு வாங்கும். மெல்லிய டிரைவ்தான் என்று முடிவானால், கம்ப்யூட்டரின் பின்பக்கத் துளையில் நேராகச் செருகுங்கள். இரட்டைத் தலைக் கம்பி கொடுத்திருந்தால் இரண்டு தலையையும் செருகுங்கள்.

என் வாக்கு மேசைக் கம்ப்யூட்டருக்கான ஐந்தேகால் அங்குல டிரைவுக்குத்தான். கனமாக இருக்கும், அதிர்வு குறைவு, மின்சாரம் தனியாக வரும். புதுக் கேபினட்டுகளில் அதற்கான இடமே இல்லாமல் செய்துவிட்டார்கள் என்றால், தனி அடாப்டரோடு வரும் வெளிப்பெட்டி ஒன்றை வாங்கி அதற்குள் மாட்டிக்கொள்ளலாம். பழைய அலுவலகக் கம்ப்யூட்டர்களில் பெயருக்கு மாட்டி, பத்துத் தட்டு கூட எழுதாமல் கழற்றப்பட்ட டிரைவ்கள் பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடக்கின்றன. புது மெல்லிய டிரைவைவிட அப்படிப்பட்ட ஒன்று பெரும்பாலும் மேல். ஒரு நிபந்தனை: பிளாங்க் சி.டி. ஒன்றை எடுத்துப் போய் அங்கேயே எழுதிப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது.

சரி, அந்த வேக எண்? 52எக்ஸ் என்றால் தட்டின் வெளி விளிம்பில் எழுதும்போது மட்டும் எட்டும் வேகம். உள்பக்கத்தில் அதில் பாதிக்கும் குறைவாகத்தான் தொடங்கும். அந்த உச்சத்தில் தட்டு நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. தட்டில் சிறிது கோணல் இருந்தாலும், மேலே ஒட்டிய காகித லேபிள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் அந்த வேகத்தில் நடுக்கம் எடுக்கும். லேசர் தடம் தடுமாறுவதும் பிழை ஏறுவதும் பெரும்பாலும் அந்த வெளி விளிம்பில்தான். வரிசையின் கடைசிப் பாட்டு திக்குகிறது என்று வரும் புகார்களில் பலவற்றுக்கு இதுதான் காரணம், ஏனென்றால் சி.டி. உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது.

இதற்கு நேர்மாறான மூடநம்பிக்கையும் உண்டு: மெதுவாக எழுத எழுத நல்லது, ஆடியோவென்றால் 1எக்ஸில்தான் எழுத வேண்டும் என்பது. 1990-களின் தட்டுகளுக்கு அது ஓரளவு பொருந்தியது. இன்றைய தட்டின் சாயம் அதிவேகத்துக்காகக் கலக்கப்பட்டது, சட்டென்று எரிவது. ஒவ்வொரு தட்டு வகைக்கும் எந்த வேகத்தில் லேசரை எவ்வளவு பலத்தோடு எப்படித் துடிக்கவிட வேண்டும் என்ற பட்டியல் டிரைவின் ஃபர்ம்வேருக்குள் இருக்கிறது. 1எக்ஸ், 2எக்ஸுக்கு அந்தப் பட்டியலில் இன்று யாரும் மெனக்கெடுவதில்லை. பல டிரைவ்கள் 8எக்ஸுக்குக் கீழே இறங்கவே மறுக்கும். நடுவாந்தரமாக 16எக்ஸ் அல்லது 24எக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். முழு 80 நிமிடத் தட்டு 16எக்ஸில் ஐந்து நிமிடமும், தொடக்கமும் முடிவும் எழுதக் கொஞ்சமும் எடுக்கும். உச்ச வேகத்தில் எழுதினால் மிச்சமாவது இரண்டு மூன்று நிமிடம். ஒரு டம்ளர் காபி ஆறக் கூட அது போதாது. உங்கள் டிரைவுக்கும் உங்கள் தட்டுக்கும் எது சரி என்று துல்லியமாக வேண்டுமானால் 8, 16, 24 என்று ஒவ்வொன்றிலும் ஒரு தட்டை எழுதி சி1 எண்ணிப் பாருங்கள். எது குறைவோ அதை டிரைவின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஃபர்ம்வேருக்குள் பட்டியல் இருக்கிறது என்றேன். எந்தத் தட்டு உள்ளே வந்திருக்கிறது என்று டிரைவுக்கு எப்படித் தெரியும்? பிளாங்க் தட்டு வெறுமையாக வருவதில்லை. அதில் ஏற்கெனவே ஒரு சுருள் பள்ளம் உண்டு. அந்தப் பள்ளத்தின் நெளிவுக்குள் ஒரு குறியீடு ஒளிந்திருக்கிறது. அது பார்ப்பதற்கு நேரம் போல இருக்கும். 97 நிமிடம் 24 நொடி 01 பிரேம் (இங்கே பிரேம் என்பது ஒரு செக்டர்) என்றால் ஜப்பானின் தையோ யூடன், 97-26-66 என்றால் தைவானின் சிஎம்சி, 97-17-06 என்றால் நம் ஊர் மோசர் பேயர். இம்க்பர்ன் மென்பொருளில் பிளாங்க் தட்டைப் போட்டால் இந்த எண் வலப்பக்கம் தெரியும். அட்டையில் என்ன பெயர் அச்சடித்திருந்தாலும் தட்டைச் செய்தது யார் என்று காட்டிக்கொடுப்பது இதுதான். டிரைவின் பட்டியலில் அந்தக் குறியீடு இல்லையென்றால், பொதுவான ஒரு முறையில் எழுதிவிட்டுப் போய்விடும். நல்ல டிரைவ் மட்டமாக எழுதுவதற்கு இது ஒரு காரணம். டிரைவ் நிறுவனம் புது ஃபர்ம்வேர் வெளியிட்டிருந்தால் ஏற்றிக்கொள்வது நல்லது.

தட்டுகளின் கதை கொஞ்சம் சோகம். எழுதும் சி.டி.யை 1988-ல் கொண்டுவந்த தையோ யூடனே 2015-ன் முடிவோடு இந்தத் தொழிலிலிருந்து விலகிவிட்டது. தமிழ்ப் பட வி.சி.டி.யை 28 ரூபாய்க்குத் தெருவெங்கும் விற்ற மோசர் பேயருக்கு 2018-ல் கலைப்பு உத்தரவு வந்தது. மிட்சுபிஷியிடம் இருந்த வெர்பாட்டிம், சிஎம்சியின் கைக்குப் போய்விட்டது. மிச்சமிருக்கும் தயாரிப்பாளர்கள் மிகச் சிலர். அதனால் புதிதாக வாங்கும்போது நூறு தட்டுக் கட்டை ஒரேயடியாக வாங்காமல், பத்துத் தட்டு வாங்கிச் சோதித்து, எண் திருப்தியாக இருந்தால் அதே கட்டு வரிசையில் மொத்தமாக வாங்கி வைப்பது புத்திசாலித்தனம். திரும்பத் திரும்ப எழுதும் ஆர்டபிள்யூ தட்டு ஆடியோவுக்கு வேண்டாம். அது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவது மிகவும் குறைவு, பழைய பிளேயர்கள் தட்டே இல்லை என்று சொல்லிவிடும். 'மியூசிக்' என்று போட்டுக் கூடுதல் விலைக்கு வரும் தட்டுக்கும் ஆசைப்பட வேண்டாம். கம்ப்யூட்டர் இல்லாமல் நேரடியாகப் பதிவு செய்யும் வீட்டு ரிக்கார்டர்களுக்காக வந்தது அது. அந்த ரிக்கார்டர்கள் அந்தக் குறி இல்லாத தட்டை ஏற்காது. கூடுதல் விலைக்குக் காரணம் அமெரிக்கா போன்ற நாடுகளில் இசைத்துறைக்குப் போகும் தீர்வை. தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இனி டிரைவிடம் கேட்க வேண்டிய இன்னொரு தகுதி: தட்டு முழுவதையும் ஒரே மூச்சில் எழுதும் டிஸ்க்-அட்-ஒன்ஸ் முறை. இன்றைய டிரைவ்கள் எல்லாமே அதைச் செய்யும், ஆனால் மென்பொருளில் நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். டிராக்-அட்-ஒன்ஸ் முறையில் ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் லேசர் அணைந்து, திரும்ப எரியும். நடுவில் இரண்டு நொடி இடைவெளி விழும். சினிமாப் பாட்டுக்கு அது தெரியாது. கச்சேரிக்கு அது கத்தி. ராகம், தானம், பல்லவியை மூன்று டிராக்காகப் பிரித்தால் தம்புரா இரண்டு முறை அறுந்து தொடரும். கீர்த்தனை முடிந்து தனி ஆவர்த்தனம் எடுக்கும் இடத்தில் மிருதங்கத்தின் முதல் சொல்லுக்கு முன்னால் ஒரு வெற்றிடம் விழும். டிஸ்க்-அட்-ஒன்ஸ் முறையில் ஒலி ஓடிக்கொண்டே இருக்கும், டிராக் எண் மட்டும் மாறும்.

அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டிராக் எல்லை செக்டர் எல்லையில்தான் விழ முடியும். ஒரு செக்டர் என்பது 588 மாதிரி. எடிட்டிங் மென்பொருளில் கண்ட இடத்தில் வெட்டித் தனித்தனிக் கோப்பாகச் சேமித்தால், கடைசிச் செக்டரில் குறைகிற மாதிரிகளை ரைட்டிங் மென்பொருள் மௌனத்தால் நிரப்பும். ஓடும் இசைக்கு நடுவே அது மெல்லிய 'டிக்' ஆகக் கேட்கும். பலர் இதற்கு டிரைவைக் குறை சொல்கிறார்கள். கச்சேரி முழுவதையும் ஒரே வேவ் கோப்பாக வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் எந்த டிராக் தொடங்குகிறது என்பதை க்யூ கோப்பில் நிமிடம், நொடி, பிரேம் என்று எழுதிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. இம்க்பர்ன், லினக்ஸில் சிடிஆர்டிஏஓ, கே3பி எல்லாம் க்யூ கோப்பை ஏற்கும். கேமராவிலோ போனிலோ பதிவானது பெரும்பாலும் 48,000 மாதிரியில் இருக்கும், அதை 44,100-க்கு முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள். பாட்டின் பெயர் பிளேயர் திரையில் வர சி.டி.-டெக்ஸ்ட் என்று ஒன்று உண்டு. அந்தக் காலத்து எழுத்துத் தொகுப்பில் தமிழுக்கு இடம் வைக்கவில்லை, ஆகவே ஆங்கில எழுத்தில்தான் போட வேண்டும்.

எழுதியாயிற்று. சோதனை? கோப்புத் தட்டுக்கு இருப்பது போன்ற 'சரிபார்' வசதி ஆடியோவுக்குப் பல மென்பொருளில் கிடையாது. செக்டருக்கு முகவரி இல்லாததால் டிரைவால் அச்சு அசலாக அதே மாதிரியிலிருந்து படிக்கத் தொடங்க முடிவதில்லை. சில டிரைவ் 6 மாதிரி தள்ளிப் படிக்கும், சில 667 மாதிரி தள்ளிப் படிக்கும். எழுதும்போதும் இதே போல ஒரு தள்ளல் உண்டு. 667 மாதிரி என்பது ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்குக்கும் குறைவு, காதுக்குத் தெரியாது. ஆனால் பைட்டுக்குப் பைட் ஒப்பிட்டால் எல்லாமே தவறு என்று காட்டும். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி மென்பொருளில் உங்கள் டிரைவின் தள்ளல் எண்ணைக் கொடுத்துவிட்டுத் தட்டைத் திரும்ப எடுத்து, மூல வேவ் கோப்போடு ஒப்பிடலாம். மாதிரிகள் அப்படியே பொருந்தினால் எழுதியதில் எதுவும் தொலையவில்லை. அதன் பிறகு பிழை எண்ணும் சோதனை. எத்தனை பலம் மிச்சம் இருக்கிறது என்பதை அதுதான் சொல்லும். முடிந்தால் எழுதிய டிரைவிலேயே எண்ணாமல் இன்னொரு டிரைவில் எண்ணுங்கள். தன் கையெழுத்தைத் தானே படிப்பதில் டிரைவுகளுக்கும் ஒரு சலுகை உண்டு. எண்ணும் வேகத்தையும் எப்போதும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இரண்டு தட்டுகளை ஒப்பிட முடியாது.

தட்டுக் கம்பெனிக்கு அனுப்பி ஆயிரக்கணக்கில் அச்சடிக்கப் போகிறவர்கள் இவ்வளவு கவலைப்பட வேண்டாம். இப்போது மூலத் தட்டுக்குப் பதிலாக டிடிபி என்ற கோப்புத் தொகுதியையே ஆலைகள் கேட்கின்றன. அதை இணையத்தில் அனுப்பிவிடலாம், ரைட்டர் என்ற ஆளே நடுவில் இல்லை.

எழுதிய தட்டில் பெயர் எழுத பால்பாயின்ட் பேனா வேண்டாம். ஒலியைத் தாங்கும் சாயமும் வெள்ளிப் பூச்சும் மேல்பக்கத்துக்கு மிக அருகில் இருக்கின்றன, அடிப்பக்கக் கீறலைவிட மேல்பக்கக் கீறல்தான் ஆபத்து. தட்டுக்கென்று விற்கும் நுனி மெத்தென்ற மார்க்கரால் நடு வட்டத்தில் எழுதினால் போதும்.

டிரைவுக்கும் வயதாகும். நம் ஊர்த் தூசியில் லென்ஸ் மங்கும், லேசரின் பலமும் தேய்ந்துகொண்டே வரும். ஒவ்வொரு கட்டுத் தட்டிலும் ஒன்றையாவது எண்ணி, தேதியோடு ஒரு நோட்டில் சி1 சராசரியைக் குறித்து வாருங்கள். அதே தட்டு, அதே வேகம், ஆனால் ஒன்றரையாக இருந்த சராசரி பத்துப் பன்னிரண்டுக்கு ஏறியிருக்கிறது என்றால் முதலில் கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ரப்பர் ஊதியால் தூசியை ஊதிப் பாருங்கள். அப்படியும் இறங்கவில்லை என்றால் எழுதும் வேலையிலிருந்து அந்த டிரைவுக்கு ஓய்வு கொடுத்துவிடலாம். இப்படிப்பட்ட டிரைவ் செய்கிறவர்கள் குறைந்துகொண்டே வருவதால், நல்லதாக ஒன்று அகப்படும்போது இரண்டாக வாங்கி ஒன்றைப் பிரிக்காமல் வைத்திருப்பது வீண் செலவு ஆகாது. ஓய்வு பெற்றதையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. எழுதத் தேவைப்படும் லேசர் பலத்தில் சிறு பங்கே படிக்கப் போதும். அதனால் எழுத முடியாமல் போன டிரைவ் பெரும்பாலும் இன்னும் சில வருடம் ஒழுங்காகப் படிக்கும். புது டிரைவ் எழுதிய தட்டை எண்ணுவதற்கு அது இருக்கட்டும்.